பெண்களுக்கு ஸ்கூட்டி வகுப்பு, திருகோணமலை

ஜனவரி 8, 2025 – புதன்

நாலாம் பக்கம் வரைக்கும் தேடினேன். நான் இல்லை.

‘லேடீஸ் ஸ்கூட்டி கிளாஸ் ட்ரிங்கோ’ என்று போனில் அடித்தால் முதலில் வருவது நவம்பரில் நான் விட்டுவந்த டிரைவிங் ஸ்கூல். எட்டு வருஷம் அங்கே பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்கியது நான். இன்றைக்கும் அவர்களுடைய வெப்சைட்டில் சிரித்துக்கொண்டு நிற்பது என் படம்! அதற்குக் கீழே கண்டி, கொழும்பு, பிறகு சென்னையில் ஸ்கூட்டி விற்கிற ஒரு கடை. இந்தச் சீலாவின் வகுப்பு மட்டும் உலகத்திலேயே இல்லை.

விட்டுவரும்போது முதலாளி சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "ஈஸ்டருக்கு முன்னம் திரும்பி வருவீர், பாரும்." இப்போது என்னிடம் இருப்பது இரண்டு மாணவிகள். ஈஸ்டருக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் அந்த மனிசனின் மேசைக்கு முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும்.

ஜனவரி 9

வெப்சைட் செய்து தந்த தினுஷாவிடம் போனேன். டொக்யார்ட் வீதியில் அச்சுக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவள் என் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேலே கொட்டை எழுத்தில் ‘சிறகு விரிக்கும் பெண்மை’. நான் சொல்லிப் போடுவித்தது.

"அக்கா, ஸ்கூட்டி பழக நினைக்கிற ஆள் இதையோ போனில அடிப்பா?"

மிச்சமெல்லாம் படத்துக்குள் எழுத்து. அதை நம்பிச் செய்யாதேங்கோ, தேடலில் பிடிபடாது என்று அப்போதே சொன்னாளாம். சொன்னாள்தான். வடிவாக இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

ஜனவரி 12 – ஞாயிறு

எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எழுதினோம். தலைப்பு: பெண்களுக்கு ஸ்கூட்டி வகுப்பு, திருகோணமலை. சிறகும் இல்லை, பெண்மையும் இல்லை. முதல்முதல் போன் எடுக்கிறவர்கள் என்ன கேட்பார்களோ அதை அவர்கள் கேட்கிறபடியே எழுதி, கீழே பதில் எழுதச் சொன்னாள்.

சைக்கிளும் ஓடத் தெரியாது, பழக ஏலுமோ? – ஏலும்.

அபாயாவோட ஓடலாமோ? – ஓடலாம். சில்லில் சிக்காமல் ஒதுக்கிவிடக் காட்டித் தருவேன்.

ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிப்பினமோ? – இல்லை. பாலையூற்றில், மதில் கட்டிய காணிக்குள் வகுப்பு.

பக்கம் திறக்க நேரம் எடுக்கிறது என்று பெரிய படங்களைச் சுருக்கினாள். பெயர், விலாசம், நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். போனில் இடம் காட்டுகிற மப்பிலும் பதிந்துவிட்டாள். இனிப் பொறுக்க வேணும் அக்கா என்றாள். பொறுமை! வந்து வந்து என்னிடமா அதைக் கேட்கிறாள்?

பெப்ரவரி 8 – சனி

முதற்பக்கத்தின் அடியில் நிற்கிறேன்! ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். குச்சவெளியிலிருந்து ஒருத்தி குசுகுசுத்த குரலில் போன் எடுத்தாள். "போனில தேடித்தான் பிடிச்சனான், மிஸ். ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல."

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மற்ற வியாபாரத்துக்கு வாய்க் கதையில் ஆள் வரும். என்னிடம் வருகிறவர்கள் யாரிடமும் வாய் திறந்து கேட்க ஏலாதவர்கள். தேடலில் நான் இல்லை என்றால் அவர்களுக்கு நான் இல்லவே இல்லை.

கிண்ணியாவிலிருந்து சித்தி பரீதா என்று ஒருவர் வருகிறார். சித்தி என்பதும் பெயர்தான், உறவில்லை. நாற்பத்தெட்டு வயது, கணவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் மகள் வீட்டுக்கும் ஓட்டோ பார்த்துப் பார்த்து நின்று அலுத்துப்போய்விட்டதாம். இன்று மூன்று தரம் விழுந்தார். பிரேக்கைப் பிடியுங்கள் என்றால் கண்ணை மூடுகிறார். கத்திவிட்டேன். "கண்ணைத் திறவுங்கோ! ரோட்டு என்ன கண்ணுக்குள்ளயோ கிடக்கு?" அவர் மண்ணைத் தட்டிவிட்டுப் போனார். இனி வரமாட்டார். என் வாய்.

பெப்ரவரி 11

வந்தார்.

பெப்ரவரி 13 – வியாழன்

அந்த ஸ்கூலுக்கு நூற்றுப் பன்னிரண்டு விமர்சனம், மேலே ஐந்து நட்சத்திரம். எனக்குப் பூச்சியம். பழகி முடித்தவர்களிடம் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கோ, கேட்பதில் பிழையில்லை, நாங்களாகச் செய்யத்தான் கூடாது என்றாள் தினுஷா.

நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் மாட்டார்களாம். அதில் ஒருத்தி, சுலக்ஷனா, கையெடுத்துக் கும்பிடாத குறை. லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் மாமிக்குச் சொல்லப் போகிறாளாம். பெயரும் படமும் வெளியில் வந்தால் அவ்வளவுதான்.

விளங்குகிறது. விளங்கினால் கோபம் வராதா? வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பழக்குகிறேன். ஒரு வரி எழுத ஆளில்லை. இதையெல்லாம் குடும்ப வட்சப் குறூப்பில் கொட்டித் தீர்த்தேன்.

பெப்ரவரி 16 – ஞாயிறு

பூசைக்குப் போக முதல் போனைப் பார்த்தால் நாற்பத்து மூன்று விமர்சனம்! எல்லாம் ஐந்து நட்சத்திரம். கனடாவிலிருக்கிற தம்பி ஜக்சனின் வேலை. ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று ஒரு சொந்தம் மிச்சமில்லை. இக்னேசியஸ் மாமா இந்தப் பக்கம் வராமலே இருபது வருஷம். ‘அறை சுத்தம், சாப்பாடு பிரமாதம்’ என்று எழுதியிருக்கிறார்.

சிரித்தேன். சந்தோஷமும் பட்டேன், பொய் சொல்லக் கூடாது. நாற்பத்து மூன்று பேருக்கும் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று பதில் போட்டேன்.

பெப்ரவரி 19

மப்பில் என் வகுப்பை எடுத்துவிட்டார்கள். ‘இடைநிறுத்தப்பட்டுள்ளது’. பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஒரு இழவும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதை.

பெப்ரவரி 20

ஜக்சனோடு சண்டை. ஆர் கேட்டது உன்னை? ஆர் கேட்டது? ஸ்கூட்டியில் ஏறாத நாற்பத்து மூன்று பேர், ஒரே நாளில், கடல் கடந்து – குழந்தைப்பிள்ளைக்கும் விளங்குமே!

"அங்க ஆரும் எழுதமாட்டினம் எண்டு நீங்கள்தானே அக்கா அழுதனீங்கள்."

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதும் உண்மை, அதுதான் இன்னும் எரிகிறது. ‘மீண்டும் வருக’ என்று எழுதிய கையை என்ன செய்ய?

மார்ச் 1 – சனி

பத்து நாளாகப் புதிதாக ஒரு போன் இல்லை. குச்சவெளிப் பெண்ணும் நின்றுவிட்டாள்.

சொந்தங்கள் எல்லாரையும் கெஞ்சி அழிப்பித்தேன். மாமாவுக்கு அழிக்கத் தெரியாது, சூரிச்சில் பேரன் வந்துதான் அழித்தான். நடந்ததை ஒளிக்காமல் எழுதி மேன்முறையீடு அனுப்ப வேண்டுமாம். வீட்டு வீதி, பெயர்ப்பலகை, வாகனம் தெரிய வீடியோவும் வேண்டுமாம்.

என்னிடம் பெயர்ப்பலகையே இல்லை. வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள் என்று வைக்காமல் விட்டது. இன்று தினுஷாவின் கடையில் அடித்து வீட்டுப் படலையில் கட்டினேன். வகுப்புக் காணியில் கட்டவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பித்தானே அங்கே வருகிறார்கள்.

மார்ச் 13

திரும்பத் தந்துவிட்டார்கள். விமர்சனம்: பூச்சியம்.

நோன்போடு வந்து பழகிவிட்டுப் போகிறார் சித்தி பரீதா. இன்று எட்டுப் போடும்போது கால் ஊன்றினார். நானும் தவக்காலத்தில் கத்துவதில்லை என்று நேர்ந்திருந்தேன். எட்டு நாள்தான் தாங்கியது.

ஏப்ரல் 3

சித்தி பரீதா லைசென்ஸ் ட்ரயல் பாஸ். பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பமும் கொண்டுவந்தார், கிண்ணியாவிலிருந்து தானே ஓடி. விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் எத்தனையோ.

ஏப்ரல் 16 – புதன்

பெரிய புதன். ஈஸ்டருக்கு இன்னும் நாலு நாள். எட்டுப் பேர். முதலாளிக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு குசினியில் நிற்கும்போது போன் சத்தம் போட்டது.

என் முதல் விமர்சனம். சித்தி பரீதா. சொந்தப் பெயர், ஸ்கூட்டியில் இருக்கிற சொந்தப் படம். மூன்று நட்சத்திரம்.

‘டீச்சர் நல்லா ஏசுவா. ரெண்டு நட்சத்திரம் அதுக்குக் குறைச்சிருக்கன். 48 வயசுல என்ன ரோட்டுல ஓட வெச்சதும் அவதான்.’

மூன்றா! வெயிலிலும் மழையிலும் அந்த மனுஷியின் பின்னால் ஓடிய என் காலுக்கு மூன்று நட்சத்திரமா? ஒரு பக்கத்துக்குப் பதில் அடித்தேன். ‘கண்ணை மூடிக்கொண்டு ஓடினது யார்’ என்றுதான் தொடக்கம். விமர்சனத்துக்குக் கோபத்தில் பதில் போடாதேங்கோ என்று தினுஷா சொன்னது ஞாபகம் வந்தது. அழித்தேன். ‘உண்மைதான். நன்றி’ என்று மட்டும் போட்டேன்.

பின்னேரம் இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். றுஷ்தாவாம். நீங்கள்தானா அந்த ஏசுகிற டீச்சர் என்று கேட்டாள். ஓம் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எங்கட வீட்டுல ஒருத்தரும் ஏசுற இல்ல, டீச்சர். உன்னால ஏலாது எண்டு எல்லாரும் அன்பாத்தான் சொல்லுவாங்க. எனக்கு ஏசுற ஆள்தான் வேணும்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன், ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஏசுவேன் என்றும் சொன்னேன்.

ஒன்பது பேர். பத்து என்று ஆர் சொன்னது? நான்தானே. ஈஸ்டர் வந்து போகட்டும், திங்கள் எனக்கு வகுப்பு இருக்கிறது.