குச்சிக்குக் கொடுத்த முதுகு

மார்ச் 3, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பேத்தி பக்கத்து வீட்டில் ஒரு வாளி கடன் வாங்கிக் குளித்துவிட்டு ஓடினாள். யோகா ஹாலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ப் பெருக்கித் துடைத்துப் பாய் விரிக்க வேண்டும். ஒரு வருஷமாக இதுதான் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஹால். பரீட்சை எழுதி வாங்குகிற பட்டம் இல்லை இது. டீச்சர் கூடவே இருந்து, எடுபிடி செய்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. அவர் போதும் என்று சொல்கிற அன்றுதான் தனியாக வகுப்பு எடுக்கலாம்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. "பாய் விரிக்கிறதுக்கு எதுக்கும்மா காலேஜ்ல போட்டேன்?" என்று என்னிடம் கேட்கிறான். அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை.

அவளுக்குக் குச்சி என்று பேர் வைத்தது நான்தான். பிறக்கும்போதே கையும் காலும் நீளம். இப்போது இந்த வீட்டில் ஒட்டடை அடிக்க ஏணி வேண்டாம்.

மார்ச் 8, சனி

குச்சியை அடுத்த படிக்கு ஏற்றியிருக்கிறார் டீச்சர். இனிமேல் ஆட்களைத் தொட்டுச் சரி செய்யப் பழக வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவரைப் பிடித்துத் தினமும் பழகச் சொல்லியிருக்கிறார். வளைகிற உடம்பு வேண்டாம், வளையாத உடம்பாகப் பார் என்றாராம்.

மருமகள் தனக்கு நேரம் இல்லை என்றாள். மகன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். என்னைவிட வளையாத உடம்பு இந்தத் தெருவிலேயே கிடையாது, நான் வருகிறேன் என்றேன்.

"உடம்பு மட்டுமா அத்தை?" என்றாள் மருமகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வைத்துக்கொள்கிறேன் அவளை.

மார்ச் 10, திங்கள்

இன்று தொடங்கினோம். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கால்விரலைப் பிடிக்க வேண்டும். என் கை முழங்காலைத் தாண்டவில்லை. குச்சி பின்னால் மண்டி போட்டு என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். நல்ல சூடான கை.

"மூச்சு வெளியே போறப்ப கையும் கூடவே போகணும் பாட்டி. உள்ள வர்றப்ப கை இளகணும். மூச்சு நின்னுட்டா உடனே எடுத்துடணும். வாயைக் கேக்காத, மூச்சைக் கேளுன்னு டீச்சர் சொல்லுவாங்க."

கடைசியில் பிணம் மாதிரி மல்லாந்து படுக்கச் சொன்னாள். அதற்கு ஒரு ஆசனமாம். இதற்குப் பயிற்சி எதுக்குடி, எனக்குத் தானாகவே வருமே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்படிப் பேசாத பாட்டி" என்றாள்.

மார்ச் 19, புதன்

முதல் முறையாக இன்று வலித்தது. இடது இடுப்பில், சுருக்கென்று. என்னையறியாமல் மூச்சு நின்றுவிட்டது. குச்சி சட்டென்று கையை எடுத்தாள். அவள் முகம் வாடிவிட்டது. "வலிச்சுதா பாட்டி? நான் தப்பா வச்சுட்டேனா?"

"கொட்டாவி வந்துச்சுடி" என்றேன்.

அடுத்தடுத்துக் குனிந்ததில் நானும் பழகிக்கொண்டேன். வலி வரும் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மெதுவாக விட வேண்டும். மூச்சு சீராகப் போகும். மூன்று பிள்ளை பெற்றேன், பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்டதில்லை. இந்தப் பிஞ்சுக் கைக்கா மூச்சு நிற்கும்?

ஏப்ரல் 6, ஞாயிறு

என் மூக்கு முழங்காலைத் தொட்டுவிட்டது. குச்சி கை தட்டினாள். மகன்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 7, திங்கள்

இடுப்பில் பிடிப்பு. எல்லோரும் வெளியே போன பிறகு தைலம் தேய்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன், வாசனை போகட்டும்.

மே 2, வெள்ளி

வரும் வாரத்திலிருந்து குச்சி வகுப்பில் ஆட்களைத் தொட்டுச் சரி செய்யலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். செய்தி கேட்டதும் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. சலவைக் கடைக்குப் போனேன். துணி எதுவும் இல்லை, சும்மாதான் போனேன். என் பேத்தி டீச்சர் ஆகப் போகிறாள் என்றேன்.

"எந்தப் பாடம் எடுப்பாங்க?" என்றார் கடைக்காரர்.

"உடம்புப் பாடம்."

"அப்ப நான் ஃபெயில்" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். அன்று எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, இவளை அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. டீச்சர் என்கிற வார்த்தையைச் சொல்லும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்ளும். இந்த வீட்டில் ஒருத்தியை அப்படிக் கூப்பிடப் போகிறார்கள். அதற்கு ஒரு இடுப்பு வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்.

மே 3, சனி

தைலம் தீர்ந்துவிட்டது. புட்டி எப்படிக் காலியானது என்று மருமகள் கேட்டாள். கதவுக் கீலுக்குப் போட்டேன் என்றேன். "கீலுக்குத் தைலமா அத்தை?" கதவுக்கும் வயசாகுதே என்றேன்.

மே 20, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

குச்சி மத்தியானமே திரும்பிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

வகுப்புக்கு ஒரு தையல்கார அம்மா வருகிறார். மெஷினில் குனிந்து குனிந்து முதுகு இறுகிப் போனவர். இன்று அந்தக் குனிகிற ஆசனத்தில் குச்சி அவர் முதுகில் கை வைத்திருக்கிறாள். டீச்சர் ஹாலின் அந்தக் கோடியில் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தும்போது அந்த அம்மாவின் மூச்சு நின்றிருக்கிறது.

"நின்னுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது பாட்டி. ஆனா உனக்கும் ஒருநாள் நின்னுதுல்ல, கொட்டாவின்னு சொன்னியே. அதுக்கப்புறம் உனக்கு எவ்வளவு தூரம் போச்சு. அது மாதிரிதான் இருக்கும்னு நினைச்சுக் கையை எடுக்கல. உனக்கு வைக்கிற அளவுதான் வச்சேன். ஒரு துளிகூட அதிகமில்ல."

அடுத்த நொடி அந்த அம்மா கத்திவிட்டார். நிமிர முடியவில்லை. நாலு பேர் பிடித்துத்தான் படி இறக்கியிருக்கிறார்கள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். கொட்டாவியாம், கொட்டாவி.

மே 21, புதன்

எலும்புக்கு ஒன்றும் இல்லையாம். உள்ளே தசை கிழிந்திருக்கிறது, மெஷின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு அதுதான் பிழைப்பு.

டீச்சர் திட்டவில்லை. நான் சொல்கிற வரைக்கும் யாரையும் தொடாதே என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் அழுதுவிட்டுத் தேறியிருப்பாள்.

மே 25, ஞாயிறு

மகன் சிநேகிதனின் ஆபீசில் ஆள் கேட்கிறார்கள். ஜூன் இரண்டாம் தேதி சேரலாம் என்று சாப்பிடும்போது சொன்னான். குத்திக்காட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். குச்சி சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

பின்னாலேயே போய், ஏன்டி என்றேன். "என் கை சரியில்ல பாட்டி. சில பேர் கைக்கு இது வராது. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்."

மே 27, செவ்வாய்

சொன்னால் என்ன ஆகும்? தையல்கார அம்மாவை மட்டும் இல்லை, பாட்டியையும் நொறுக்கிவிட்டேன் என்று உடைந்து போவாள்.

சொல்லாவிட்டால்? தன்னுடையது கெட்ட கை என்று நினைத்துக்கொண்டே கிழவியாவாள். அது கெட்ட கை இல்லை. அந்தக் கை என் முதுகை நம்பியது. அவ்வளவுதான்.

யோசிக்க என்ன இருக்கிறது? வாயைத் திறப்பதுதானே. இத்தனை வயசுக்கு அது ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

மே 28, புதன்

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றுகூட இல்லை.

ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என் முதுகில் கை வை என்று கேட்டேன். வேண்டாம் பாட்டி என்றாள். கிழவி கேட்கிறேன் என்றதும் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

குனிந்தேன். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. கை பட்டதுதான், இன்னும் அழுத்தக்கூட இல்லை, மூச்சு அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெருப்பில் பட்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன பாட்டி இது?"

"கொட்டாவி இல்லடி."

"எத்தனை நாளா?"

"அன்னைலேர்ந்துதான்."

"பின்ன மூச்சு சீரா வந்துச்சே. நான் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

"நீ டீச்சர் ஆகணும்னு விட்டேன்."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "வாய்தான் பொய் சொல்லும்னு நினைச்சேன். மூச்சுலயுமா பாட்டி பொய் சொல்லுவ?"

எழுந்து போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

மே 31, சனி

இன்னும் என்னோடு பேசவில்லை. ஜன்னல் ஓரத்தில் புதுத் தைலப் புட்டி இருக்கிறது. யார் வாங்கி வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

இன்று ஆபீசில் சேர வேண்டிய நாள். குச்சி காலையில் என் கட்டிலுக்கு வந்தாள். "எழுந்திரு பாட்டி, கீழ வண்டி நிக்குது." நாலு நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசின முதல் பேச்சு.

யோகா ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினேன். இந்த முறை மறைக்கவில்லை. டீச்சரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், அஞ்சாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

"மூச்சை எப்படிம்மா அப்படி விட்டீங்க?" என்றார் டீச்சர்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு."

அவர் சிரிக்கவில்லை. குச்சியைப் பார்த்தார். "உன் கை ஒழுங்காத்தான் கேட்டிருக்கு. பாட்டி உடம்பு பொய் சொல்லிருக்கு. ஆனா தையல்கார அம்மா மூச்சு பொய் சொல்லல. அது உனக்குக் கேட்டுது. கேட்டும் எடுக்கல. அது உன்னுது." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்குக் காலைல வந்து பாய் விரி. முதல்லேர்ந்து" என்றார்.

என்னை டாக்டரிடம் காட்டிவிட்டு வகுப்புக்கு வரச் சொன்னார். "உங்களுக்கும் முதல்லேர்ந்துதான்மா."

சாயங்காலம் மகன், அப்ப ஆபீஸ் என்ன ஆச்சு என்று கேட்டான். ஆபீஸ்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் குச்சி. அவன் என்னைப் பார்த்தான். "என்னைப் பாக்காதடா, எனக்கு இடுப்பு வலி" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

"கதவுக் கீல் இப்பதான் வாயைத் திறக்குது" என்றாள் மருமகள். அப்புறம் உள்ளே போய் வெந்நீர் போட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

குச்சி மத்தியான நேரங்களில் தையல்கார அம்மா வீட்டுக்குப் போகிறாள். அவர் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, இவள் பட்டன் தைக்கிறாள், பாவாடை ஓரம் மடித்து அடிக்கிறாள். முதல் நாள் அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். இப்போது திட்டுகிறார்: "இது தையலா, இல்ல கோழி கிளறினதா? பிரி, பிரி." திட்டு வாங்கியதை வந்து என்னிடம் சொல்கிறாள். நல்ல சகுனம்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வகுப்பு தொடங்குகிற நேரத்தில் டீச்சர் கீழே கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். போகும்போது குச்சியிடம், "இன்னைக்கு நீ எடு" என்றார். அவ்வளவுதான்.

தரையில் உட்காரக் கூடாது என்று எனக்கு டாக்டர் உத்தரவு. கடைசி வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் சுவர் ஓரமாகத் தையல்கார அம்மா. போன மாதம்தான் திரும்ப வரத் தொடங்கினார், மெஷினிலும் கொஞ்ச நேரம் உட்கார்கிறாராம். ஆனால் உள்ளே வந்ததும் இன்றும் சொன்னார்: "பண்றேன், ஆனா என்னைத் தொடாதம்மா." குச்சி, சரிம்மா என்றாள்.

அவள் குரல் முதலில் நடுங்கியது. அப்புறம் சீரானது. எல்லோரும் அவள் சொன்னபடி கை தூக்கினார்கள், கை இறக்கினார்கள். நான் கை தூக்குவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பின்னாடி, நாற்காலி" என்று அதட்டினாள். தூக்கினேன்.

குனிகிற ஆசனம் வந்தது. நாற்காலியில் இருந்தபடியே குனிந்தேன். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் பின்னால் நின்றாள். அந்தச் சூடு முதுகில் பட்டது. மெல்ல, மூச்சோடு. சுருக்கென்றது. அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று வாய் திறப்பதற்குள் கை முதுகில் இல்லை. எடுத்துவிட்டிருந்தாள். நான் மூச்சை நிறுத்தியதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஆனாலும் சொன்னேன். "வலிக்குதுடி." நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"தெரியும். இன்னைக்கு உங்களுக்கு இது போதும்" என்றாள். வகுப்பில் எனக்கும் வாங்க போங்கதான்.

தையல்கார அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே சொன்னார்: "இந்தப் பக்கமும் வாம்மா. மெதுவா."

குச்சி போனாள். உள்ளங்கையை வைப்பதற்கு முன்னால் வெகு நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். வீடு முழுக்க வாசனை. ஜன்னல் மூடித்தான் இருந்தது. யாரும் திறக்கவில்லை.