யார் முதலில் கூப்பிட்டது

மார்ச் 4
அமலா வேலையை விட்டுவிட்டாள். ஆண்டர்சன்பேட்டையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போட்டுத் தரும் இந்த மெடிக்கல் பில்லிங் ஆபீஸைத் தொடங்கிய நாளிலிருந்து கூட இருந்தவள். போவது பெங்களூர்க் கம்பெனிக்கு. போன வருடம் என் ஆபீஸை வாங்க வந்து, ஆட்கள் பெயர், சம்பளம் எல்லாம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போனதே, அதே கம்பெனி. காட்டுவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தேன். அதில் ஒரு வரி: இரண்டு வருடம் என் ஆட்களை அவர்கள் வேலைக்கு அழைக்கக் கூடாது.

மார்ச் 6
வக்கீல் சரஸ்வதி மேடம் அந்த வரியைப் படித்தார். "அவங்க கூப்ட்டிருந்தா கேஸ் இருக்கு. அவளே போய்க் கேட்டிருந்தா ஒண்ணுமில்ல."
தம்பி உதயிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்?
"அவ வாயாலயே சொல்ல வெக்கறேன், வுடுக்கா."
"சும்மா இரு" என்றேன்.

மார்ச் 7
சும்மா இருக்கவில்லை. மைசூர் மைன்ஸ் ரோட்டில் அமலாவின் ஸ்கூட்டியை மறித்திருக்கிறான். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினான்.
"யாரு மொதல்ல கூப்ட்டது?"
"யாரும் இல்லண்ணா. நான்தான் போன் பண்ணேன்."
அறை.
"இன்னா சொன்னே?"
மறுபடி அறை. பிறகு இரும்புக் கம்பி விழும் சத்தம். பிறகு ஏதோ முறிகிற சத்தம் - அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
"அவங்கதான்... அவங்கதாண்ணா கூப்ட்டாங்க..."
வீட்டுக்கு வந்த உதய், "முன்னாடி இருக்கறத வெட்டிட்டு மேடத்துக்குக் குடு. ஜெயிச்சுட்டோம்க்கா" என்றான். அம்மா அவன் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கெட் தண்ணீர் சிவந்திருந்தது.

மார்ச் 8
ஆஸ்பத்திரி. தாடை உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள். அமலாவின் அம்மா ஐடா என் கையைத் தட்டிவிட்டாள். "இன்னாமா, இதுக்கும் பில்லு போட வந்தியா?"
அமலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அந்த வரியை நான்தான் கேட்டு எழுத வைத்தேன். கம்பெனியின் கையைக் கட்டத்தான். இவளைக் கட்டிப்போட எப்போது ஆசைப்பட்டேன்?

மார்ச் 9
பதிவைப் போலீசில் கொடுத்தேன். வெட்டாமல்.

மார்ச் 10
ஜீப்பில் ஏற்றும்போது உதய் கத்தினான்: "உனக்காகத்தானே செஞ்சேன், பாவி!" அம்மா செம்பை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். நெற்றியில் தையல். வலிக்கட்டும்.

ஏப்ரல் 22
கம்பெனியிலிருந்து மெயில். போலீஸ் கேஸுக்குப் பிறகு அமலாவின் வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை நினைத்துப் பயமாம். எனக்கு ஆட்சேபம் இல்லை, அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அந்தத் தடையே இனி யாருக்கும் வேண்டாம் என்றும் எழுதினேன்.
மாலையில், பில் அடிக்கிற லதா கதவோரம் வந்து நின்றாள்.
"நானும் அந்தக் கம்பெனிக்குப் போவட்டாக்கா?"
"போம்மா" என்று சொல்லி, அவளை விடுவித்துக் கடிதம் எழுதப் பேனா எடுக்கக் கையை நீட்டினேன். அவள் சட்டென்று பின்வாங்கி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.