வாசலில் எடுத்த படம்

கூட்டேரிப்பட்டு,
கார்த்திகை மாதம், 1996.

அன்பு மகன் தேவாவுக்கு, அப்பா சவுரிராயன் சொல்லச் சொல்ல உன் மனைவி இசைவாணி எழுதுவது. அந்தத் தூர தேசத்தில் மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. மழை விடவில்லை. யாருக்கும் கூலி வேலை இல்லை.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டோம். "முதலாளி பாஸ்போர்ட்டக் குடுத்தா வந்துடுவேன், அதுவரைக்கும் அம்மாவ வச்சிருங்க. இல்லன்னா மூஞ்சியையாவது படம் எடுத்து அனுப்புங்க" என்று நீ போனில் சொன்னதைப் பூத்துக்காரர் ஓடிவந்து சொன்னார். மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்தோம். ஐஸ் போட்டும் அதற்குமேல் தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

திண்டிவனத்திலிருந்து படம் எடுக்க அருள் என்பவர் வந்தார். வழியில் மழையில் நனைந்து பிளாஷ் எரியவில்லை. வீட்டுக்குள் அரிக்கேன் வெளிச்சம்தான். "இந்த இருட்டுல ஒண்ணும் விழாது பெரியவரே. வாசலுக்குக் கொண்டாங்க, அதுவும் ஜல்தி" என்றார்.

வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே கொண்டுபோகக் கூடாது, நேரே கல்லறைக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். உன் அத்தை அம்மணி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "புள்ள வந்துக்கினு இருக்கானோ என்னமோ! ஒரு படத்துக்காக அண்ணியத் தூக்குறியே, அண்ணே!" என்று கத்தினாள். இசைவாணி ரோட்டையே பார்த்தாள். நானும் பார்த்தேன். பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் யாரும் நம் தெருப் பக்கம் திரும்பவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "தூக்குங்கடா" என்று நான்தான் சொன்னேன்.

மேற்கே மட்டும் மேகத்தில் கொஞ்சம் வெளுப்பு இருந்தது. முகம் அந்தப் பக்கம் இருக்கும்படி அம்மாவைக் கிடத்தியிருந்த பெஞ்சைத் திருப்பச் சொன்னார் அருள். தாடைக்கட்டை அவிழ்த்தோம். ஒரு கன்னம் இருட்டாக இருக்கிறது என்று வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேரை விட்டுப் பக்கத்தில் விரித்துப் பிடிக்கச் சொன்னார். முகம் தெளிந்தது. கையில் பிடித்தால் ஆடிவிடும் என்று கேமராவை முக்காலிமேல் வைத்து, எங்களைச் சுற்றி நிற்கச் சொன்னார். "வெளிச்சம் கம்மி. மூடுற சத்தம் கேக்குற வரைக்கும் அசையாதீங்க" என்றார். "அண்ணி சிரிக்கணுமா, அதையும் சொல்லிப்புடு" என்றாள் அம்மணி, அழுகைக்கு நடுவில்.

கேமரா டக்கென்று திறந்தது. மூடுவதற்குள் ஒருவராலும் அழுகையை அடக்க முடியவில்லை.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அழுது ஆடியதில் நாங்கள் எல்லோரும் புகைபோல விழுந்திருக்கிறோம். இசைவாணிக்குக் கண்ணும் மூக்கும் இல்லை. என்னைத் துண்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உன் அம்மா மட்டும் நெற்றித் தழும்பு வரைக்கும் தெளிவாக இருக்கிறாள். நன்றாகப் பார்த்துக்கொள்.

அடக்கத்துக்கு மறுநாள் நீ மறுபடி போன் செய்தாயாம். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, இனிமேல் வந்து யாரைப் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாயாம். ஒரு ராத்திரி பொறுக்காமல் எடுத்துவிட்டேன் என்று உனக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதே. நானும் படத்தில் தெளிவாக விழுகிற நாள் வருவதற்குள், ஆடிக்கொண்டிருக்கும்போதே வந்து ஒருதரம் பார்த்துவிடு, மகனே.

உன்னை ஆசீர்வதித்துக் கைநாட்டு வைக்கும்,
அப்பா சவுரிராயன்.