கை எட்டாத இடம்

மஸ்கட்,
சனிக்கிழமை காலை.

கோயமுத்தூர் கணபதி வட்டாரத்தின் மகாராணியும் என் வீட்டுக்காரியுமான மதிவதனிக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அங்கே மழை உண்டா? நான் நலம். இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நீயும் நம்ப மாட்டாய்.

நேற்று லீவு. கடலில் குளிக்கப் போனேன். என் மேனியின் பளபளப்பைக் கண்டு பொறாமைப்பட்ட சூரியன், நேராகக் கரைக்கே இறங்கி வந்துவிட்டது. நான் அஞ்சவில்லை. கம்பெனியில் கொடுத்த சன்ஸ்கிரீனைப் பூசியிருந்தேன். அதிலுள்ள ரசாயனம் தோலில் படிந்து, வெயிலின் புற ஊதாக் கதிரை விழுங்கி, லேசான சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து எழுந்தாலும் ஒரு தடவை, திரும்பப் பூச வேண்டும். பூசினேன். சாயங்காலம் சூரியன் தோற்றுப்போய் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நடுவில், என்னோடு அறையில் தங்கியிருக்கும் உக்கடத்து ரசாக் பாய், "ஏனுங்க, முதுகுக்கு நான் பூசி உடட்டுங்களா?" என்றார்.

"அதுக்கு ஊட்ல ஆள் இருக்குதுங்க பாய்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த பார்சலில் நீளமான மரக்கரண்டி ஒன்று வை. சமைக்க அல்ல, முதுகுக்கு கிரீம் பூச.

வேலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. சூரியன் இறங்கி வந்தது பொய். தோற்றதும் பொய். முதுகின் நடுவில் உன் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருப்பது மட்டும் நெசம்.

உன் மாமன்,
ரவிக்குமார்