கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணி பிடித்தவருக்கு

இன்று காலை டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, கேமராவைச் சுற்றி வைப்பீர்களே, அந்தக் கறுப்புத் துணி கைக்கு வந்தது. உதறினேன். ஹைப்போ மருந்தின் நெடி இன்னும் போகவில்லை. புத்தூர் ஸ்டுடியோவில் நீங்கள் படம் கழுவும்போதெல்லாம், "ஐயோ, மூக்கு எரியுது" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! இன்று அதையே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இதைத்தானே அன்று உங்கள் கண்ணில் கட்டினார்கள்.

ஆந்திரா பிரிந்த பிறகும் எல்லை முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் ஊர் ஏரிக்கரைப் புளியமரங்களில் ஆண்டுதோறும் மஞ்சள் மூக்கு நாரைகள் குஞ்சு பொரிக்குமாம். ரோடு போட அந்த மரங்களை வெட்டப் போவதாகப் பேச்சு. மனுவோடு வைக்க, கூட்டில் குஞ்சுகள் இருக்கிற படம் வேண்டும் என்றார்.

"ரெண்டு காப்பி போடுங்கண்ணா. ஊரு எந்தப் பக்கம் போவுமோ தெரியல. ஆந்திராவுக்கு ஒண்ணு, மெட்ராஸுக்கு ஒண்ணு."

உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்பவர்களையே எடுத்து அலுத்தவர் நீங்கள். கூட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரு படமாவது எடுக்கவேண்டும் என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்வீர்கள்.

ஊருக்குப் போனால் மரத்தடியில் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவரின் மனைவிதான் பேசினார்.

"புள்ள பெத்தவ இருக்கிற ரூமுக்குள்ள அசலூரு ஆம்பள போவானா? குஞ்சு இருக்கசொல்ல எங்கூரு ஆம்பளைங்களே அண்ணாந்து பாக்க மாட்டாங்க. வேணும்னா உங்க வூட்டம்மா ஏறட்டும்."

பை தூக்க வந்தவள் நான்! ஸ்டுடியோவில் கூட்டம் நெருக்கினால் நாலு படம் எடுத்திருப்பேன், அவ்வளவுதான். உங்கள் முகம் செத்துவிட்டது. சண்டைக்குப் போவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினீர்கள்.

"ஏணிய மட்டும் நான்தான் புடிப்பேன். கண்ண வேணா கட்டிக்கினு நிக்கிறேன்."

அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு கட்டிவிட்டார்.

பக்கத்து வேப்பமரத்தில் ஏணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். என் கால்தான் ஆடியது, ஏணி ஆடவில்லை.

"இன்னாமே தெரியுது? சொல்லு" என்றீர்கள் கீழேயிருந்து.

"சும்மா இருங்க, ஒரு கையில கெளய புடிச்சிக்கினு இருக்கேன்."

"சொல்லுமே."

சொன்னேன். மூணு குஞ்சு. பஞ்சு மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் கறுப்பு. பெரிய நாரை இறக்கையை விரித்து அதுங்க மேல வெயில் படாம மறைச்சிக்கினு நிக்குது. இன்னொண்ணு வந்து, வாயிலிருந்து தண்ணி ஊத்துது.

"ஊத்தறது அப்பனா, ஆத்தாளா?"

"நான் இன்னாத்த கண்டேன்!"

"வெயிலு உனக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்ப எடு."

இருட்டறைத் தட்டில் படம் எழும்பி வந்தபோதுதான் அந்தக் குஞ்சுகளை நீங்கள் முதன்முதலாகப் பார்த்தீர்கள். தட்டின் மேலேயே குனிந்து நின்றீர்கள். வருத்தமா என்று கேட்டேன்.

"இருக்காதா பின்ன? ஆனா நீ சொல்லசொல்லவே பாத்துட்டேன்மே."

ஊர் கடைசியில் ஆந்திராவுக்குப் போனது. மரங்கள் நின்றன. நம் படத்தாலா, எந்த ஆபீஸ் வெட்டுவது என்ற குழப்பத்தாலா, தெரியாது. யார் கேட்டாலும், "எடுத்தது எங்க வூட்டம்மா" என்பீர்கள்.

சர்க்கரை உங்கள் பார்வையைக் கொண்டுபோன பிறகு, திருச்சானூர் வீட்டு மொட்டைமாடியில் தினமும் சாயங்காலம் அதே கேள்விதான். "இன்னாமே தெரியுது? சொல்லு." தினமும் அதே ஷேர் ஆட்டோதான், அதே லாட்ஜ் விளக்குதான், சொல்ல என்ன இருக்கிறது என்று சள்ளென்று விழுவேன். விழுந்துவிட்டுச் சொல்வேன்.

இன்று சாயங்காலம் துணியை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மேற்கே நாரைகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் கேட்கவில்லை. நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"ஏழெட்டு போவுதுங்க. கடைசியா ஒண்ணு தனியா வருது. மெதுவாத்தான் வருது. ஆனா வருது."