குள்ளி எடுத்த ஹெவி லைசென்ஸ்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அக்கா வீட்டாரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

ஹெவி லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உங்களுக்கு வலிப்பு வந்ததிலிருந்து லாரி தெருவோரம் நிற்கிறது. இனி நீங்கள் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகாது. நான் கார் ஓட்டுகிறவள்தானே, இதையும் பார்த்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவை வேலை முடிந்ததும் நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போகிறேன். ஈரத் துணி தூக்கிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. கிளட்ச் எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறேன். "அம்மா, நீங்க வண்டிய ஓட்டுறீங்களா, வண்டி உங்கள ஓட்டுதா?" என்று மாஸ்டர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

கோபப்படாதீர்கள். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள்
குள்ளி

மார்ச் 15

குள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவிடம் காட்டவில்லை. பெண்டாட்டி லாரி ஓட்டப்போகிறாள், இவன் உட்கார்ந்து சாப்பிடப்போகிறான் என்று அவள் வாயால் நான் கேட்க வேண்டாம்.

இங்கே மாமா என்னைக் கடையில் உட்கார வைத்திருக்கிறார். எழுந்தால் யாராவது பின்னாலேயே வருகிறார்கள். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாதாம். எனக்கு என்ன வயசாகிறது, சொல்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்காதே, கண்ணாடியைப் பார். அரைக் கிளட்சில் விடு. சேர்ந்து தொலைத்துவிட்டாயே என்று சொல்கிறேன். சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 9

அன்புள்ளவருக்கு,

டெஸ்டில் தேறவில்லை. ரிவர்ஸில் கம்பத்தை இடித்துவிட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்று அதிகாரி தலையைத் தூக்காமலே சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். "விட்டுடும்மா" என்கிறாள் மகள். விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இரண்டு நாளாக மைதானத்துக்குப் போகவில்லை.

குள்ளி

மே 2

அன்புள்ள குள்ளிக்கு,

விட்டுவிடாதே. நான் யோசித்துவிட்டேன். லைசென்ஸ் உன் பேரில் இருக்கட்டும், வண்டியை நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வா. எங்காவது சோதனை என்றால் முன்கூட்டியே ஓரங்கட்டி இடம் மாறிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

வலிப்பு வந்து மாசக்கணக்கில் ஆகிவிட்டது. நேற்று மாமா சாப்பிடப் போன நேரம் அவருடைய வேனை எடுத்துக்கொண்டு சந்தையைச் சுற்றி வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மனுஷனாக இருந்தேன், குள்ளி. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதே.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 1

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாளே மைதானத்துக்குப் போனேன். நேற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. நீங்கள் சொன்னதற்காக எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு வலிப்பு வந்த அன்று லாரியில் நான் உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். உங்கள் கால் ஆக்சிலேட்டரில் விறைத்துப்போனது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து மதிலில் மோதவிட்டேன். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். மதில் இடிந்தது என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் உடைந்துபோவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். வேனை எடுத்தேன் என்று நீங்கள் எழுதிய பிறகு மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நீங்கள் வேனை எடுத்ததை மாமாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை என்னுடைய முதல் லோடு, சிமெண்ட் மூட்டை. அக்கா வீட்டு வழியாகத்தான் போகிறேன். தெரு முனையில் நிறுத்துகிறேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வழி சொல்லவும் பேச்சுத் துணைக்கும் எனக்கு ஆள் வேண்டும்.

குள்ளி

ஜூன் 12

அன்புள்ளவருக்கு,

லோடை இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். தோள் கழன்றுவிடும்போல வலிக்கிறது.

தெரு முனையில் பையும் கையுமாக உங்களைப் பார்த்ததும் மனசு லேசானது. ஆனால் நீங்கள் நேராக என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இறங்கு, நான் எடுக்கிறேன்" என்றீர்கள்.

"அந்தப் பக்கமா வந்து ஏறுங்க."

"என் வண்டிடி இது."

"உங்க வண்டிதான். ஏறுங்க."

நீங்கள் கதவை விடவில்லை, நானும் இறங்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நீங்கள் ஏறாமலே கதவை விட்டு ஒதுங்கியதும் கியரைப் போட்டேன். வழியில் அழக்கூட இல்லை. அழுதால் ரோடு தெரியாது.

இனிமேல் கடிதம் எழுதத் தெம்பில்லை. வாரா வாரம் அந்த வழியாகத்தான் லோடு. முனையில் நிறுத்துவேன். பின்னால் வருகிறவர்கள் பொறுக்கும்வரை நிற்பேன்.

குள்ளி