பத்மா இங்கிலீஷில் சொன்னவை

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை ஊற்றித் தள்ளிவிட்டது. கடை வாசல் தார்ப்பாய் மறுபடியும் கிழிசல். பைப் லோட் இன்றும் வரவில்லை.

பத்மாவுக்கு இன்று இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பம். டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. மகள் தர்ஷினிக்குக் கனடாவில் ஜனவரி பிரசவம். ப. தனியாகத்தான் போக வேண்டும். ஏர்போட்டில் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்று மகளின் உத்தரவு. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், போதும் என்று டிக்கட் ஏஜென்ட்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹாட்வெயார் கடையையும் பார்த்து, அடுப்பையும் நான் பார்க்க முடியுமா?

படிக்கட்டில் விட்டுவிட்டுக் கீழே நிற்கலாம் என்று பார்த்தேன். டீச்சர் விடவில்லை. ருக்சானா, அக்குறணைப் பிள்ளை, நம் தர்ஷினி வயதுதான் இருக்கும். "அங்கிளும் வந்து இரிங்களேன், சும்மாதானே நிக்கிறீங்க" என்றார். ஆக நானும் மாணவன். பேரன் பிறக்கப்போகிற காலத்தில்.

போர்டில் மூன்று வரிசை. முதலில் இஃப், பட், பிகாஸ், வென். நடுவில் ஐ, யூ, ஹீ, ஷீ. கடைசியில் கேன், குட், வுட், மே, மஸ்ட். டீச்சர் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றைத் தொடுவார். அந்த மூன்றையும் அதே ஒழுங்கில் கோர்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் தமிழும் சிங்களமும் கூடாது. சொன்னது உண்மையா பொய்யா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நிறுத்தாமல் சொன்னால் போதும், எல்லாரும் கைதட்ட வேண்டும்.

எனக்கு இஃப், யூ, கேன். "இஃப் யூ கேன் பே டுடே, ஐ கேன் கிவ் டிஸ்கவுண்ட்." கடைக்காரன் புத்தி. ஒரே சிரிப்பு.

டீச்சர் ப.வைப் பார்த்துப் பெயர் கேட்டார். நான் சொன்னேன். "அங்கிள், ப்ளீஸ்" என்றார். என்ன தப்பு என்று அப்போது விளங்கவில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

தூறல். பைப் லோட் வந்தது, பாதி அளவு பிழை.

ப. தேங்காய் துருவும்போதும் வாய்க்குள் "பட் ஷீ மஸ்ட், பட் ஷீ மஸ்ட்." கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. கெலிஓயாவிலிருந்து அக்கா போன். பத்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை, எண்ணெய் போடுகிறாள் என்றேன். ப. பக்கத்தில்தான் இருந்தாள்.

மறக்காமல்: மின்சார பில், கடைக்கு அரை இஞ்சி தண்ணீர் டெப், தார்ப்பாய்.

ஒக்டோபர் 11, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று ப.வுக்கு பிகாஸ், ஹீ, வுட். எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "பிகாஸ் ஹீ வுட் டாக் டு த டாக்டர், ஐ லாஸ்ட் எ குட் டூத்."

வகுப்பு முழுக்கக் கைதட்டல். பக்கத்துக் கதிரையில் இருக்கும் நர்ஸ் (இவரும் எங்கள் குண்டசாலைதான், சிங்களப் பெண்) ப.வின் தோளைத் தட்டிச் சிரித்தார். எனக்குத்தான் கடைசியாக ஏறியது. நான் டாக்டரிடம் பேசியதால் அவளுக்கு ஒரு நல்ல பல் போய்விட்டதாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உண்மையா என்று கேட்டேன்.

"நெசந்தாங்க" என்றாள். டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நின்று வாயைத் திறந்து காட்டினாள். வலித்தது இடது பக்கமாம். நான் டாக்டரிடம் வலது என்றேனாம். வலதிலும் லேசாகப் பூச்சி இருந்திருக்கிறது. அவர் பார்த்தார், ஊசி போட்டார், பிடுங்கிவிட்டார்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது."

இடது பக்கத்து வலியோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, நாவலப்பிட்டியில் தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிப் பல்லை அடைத்துக்கொண்டாளாம். இது எல்லாம் நடந்து வருஷக்கணக்காகிறது. நானோ ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன், அந்த டாக்டர் கை வைத்தால் வலி பறந்துவிடும், என் மனைவியைக் கேட்டுப்பாருங்கள் என்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான்தான் பதில் சொல்லியிருப்பேன்.

தட்டை மூடி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மூடுபனி பத்து மணி வரை. கடை பூட்டு.

நேற்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். அவளுக்காக நான் வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்? அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னது. தையல் வகுப்பில் சேர அவளுக்கு விருப்பமில்லை என்று அவளுடைய சிநேகிதியிடம் சொன்னது. உறவுக்காரர் வீட்டில் தேத்தண்ணி வந்தால் "அவளுக்குச் சீனி வேண்டாம்" என்பது.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கேட்டுப் பார்த்தேன். சின்ன விஷயம்தானே என்று.

"எனக்குச் சீனி பிடிக்கும்" என்றாள்.

கலியாணமான புதிதில் அவள் சீனி இல்லாமல் குடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் சொன்னேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் சீனி முடிந்திருந்தது என்றாள். எழுந்து போய்த் துணி காயப் போட்டாள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பலத்த மழை. பஸ்ஸில் எல்லா ஜன்னலும் பூட்டு, மூச்சுத் திணறல்.

ப.வுக்கு இஃப், ஐ, குட்.

"இஃப் ஐ குட், ஐ வுட் நாட் கம் பேக்."

நிற்கவில்லை, திக்கவில்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முடிந்தால் திரும்பி வரமாட்டேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வகுப்பே தேவையில்லை. "வெரி குட், ஆன்ட்டி" என்றார் டீச்சர். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டியதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் முறை. எதைத் தொட்டார் என்றே தெரியவில்லை. "சொரி" என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. தென்னக்கும்புர பாலத்தில் ஆறு கலங்கலாக, கரையைத் தொட்டு ஓடியது. அவள் அதைப் பார்த்தாள். நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வகிட்டில் இவ்வளவு நரை எப்போது வந்தது?

ஒக்டோபர் 15, புதன்

கடையில் முக்கால் இஞ்சி பைப் எல்போ கேட்ட ஆளுக்கு அரை இஞ்சி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து கத்திவிட்டுப் போனார். நியாயம்தான்.

கேட்கவா வேண்டாமா? வகுப்பில் சொன்னதைக் கேட்கக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். வீட்டுக்குள் அவருடைய சட்டம் செல்லுமா? வெறும் பயிற்சிதானே. நான் டிஸ்கவுண்ட் தருவேன் என்றேன், தந்தேனா? நர்ஸும் ஒருநாள் வகுப்பில் மகாராணியாக வேண்டும் என்றார், ஆகிவிட்டாரா?

ஆனால் பல் விஷயம் உண்மை.

அவள் வழக்கம்போலத்தான் இருக்கிறாள். பருப்பு, பீட்ரூட், கருவாடு. சாயங்காலம் தன் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டாள். மறைக்கவும் இல்லை, எனக்குக் காட்டவும் இல்லை. பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுதிவிடுகிறேன்: போனால் வரமாட்டாளோ என்று.

ஒக்டோபர் 16, வியாழன்

கேட்டுவிட்டேன்.

சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தாள். நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"கனடாவுக்குப் போனா திரும்பி வருவியா?"

என்னையே பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன், அதற்கு எனக்குப் பதில் தெரியும்.

"இத்தன வருஷத்துல என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கிறது இன்னைக்குத்தான்" என்றாள். "யோசிச்சுச் சொல்றேங்க."

யோசித்துச் சொல்வாளாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாய் வரை வந்தது. முதலில் ஆத்திரம். பிறகு அதுவும் போய்விட்டது. அவள் போய்ப் புட்டுக்கு மாவு குழைத்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. நான் இத்தனை காலம் யாரோடு இருந்தேன்?

ஒக்டோபர் 18, சனி

வெயில். தார்ப்பாய் மாற்றியாயிற்று.

வகுப்புக்கு நான் ஏறவில்லை. முழங்கால் நோவு என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே பேக்கரியில் உட்கார்ந்தேன். தேத்தண்ணியும் ஒரு மாலுபானும். மீன் குறைவு, கிழங்குதான் கூட.

மேலே கைதட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் இது இவளுக்கோ, என்ன சொன்னாளோ என்று மேலே பார்த்தேன். ஒரு தடவை நீளமான கைதட்டல், கூடச் சிரிப்பு. கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். ஏறிப் போய் என்ன செய்ய? உட்கார்ந்தேன்.

நர்ஸோடு படி இறங்கி வந்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. பத்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதா, கவனித்ததில்லை என்பதா, தெரியவில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்துவாள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. பஸ்ஸில் நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். நான் பின்னாலிருந்து வாயைத் திறப்பதற்குள் "குண்டசாலே தெக்காய்" என்று சிங்களத்தில் சொல்லி அவளே இரண்டு டிக்கட் எடுத்துவிட்டாள். மற்றது எனக்கா நர்ஸுக்கா என்று கேட்கப் பயந்து நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

காலையிலிருந்து மழை, விடவே இல்லை. ஊர் முழுக்க ஈரத்துணி வாடை.

தர்ஷினி வீடியோ கோல் எடுத்தாள். முகம் ஊதியிருக்கிறது, கால் வீக்கமாம். ஏஜென்ட் அவளுக்கும் போன் பண்ணியிருக்கிறார், ரிட்டர்ன் தேதியை முடிவாகச் சொல்லச் சொல்லி.

"அப்பா, ஆறு கிழமைன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்பது நாக்கு நுனியில். பத்மா என்னைப் பார்த்தாள். நான் போனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். "அம்மாகிட்ட கேளு" என்றேன். நான் பிடித்த பிடியில் படத்தில் பாதி கூரைதான் தெரிந்திருக்கும்.

பத்மா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஆறு மாசத்துக்குப் போடு தர்ஷி" என்றாள். "வேணும்னா அங்கேயே எழுதிக் குடுத்து விசாவ இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாமாம். டீச்சர் சொன்னாங்க."

டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். எப்போது? நான் கீழே பேக்கரியில் உட்கார்ந்திருந்தபோதா, அதற்கும் முன்பா?

தர்ஷினி அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

வாயைத் திறந்தேன்.

"அப்பாவுக்கு அது சரிதான்" என்றாள் பத்மா.